தானாக நிரம்பிய தாங்கி: ஒரு வகையீட்டுச் சமன்பாட்டு விடைத்தாளின் நிகழ்வு ஆய்வு

இரண்டாம் வருடப் பிரயோக கணித மாணவர்களுக்கு நான் கொடுத்த பயிற்சிக் கேள்வி இது. 1 மீற்றர் விட்டமுள்ள உருளை வடிவத் தண்ணீர்த் தாங்கி, யாழ்ப்பாணத்து வீடுகளில் மேலே ஏற்றி வைத்திருக்கிறோமே, ஏறத்தாழ அந்தப் பருமன். உள்ளே 1.2 மீற்றர் உயரத்துக்குத் தண்ணீர். அடியில் 2 சதமீற்றர் விட்டமுள்ள வட்டத் துளை. துளையைத் திறந்துவிட்டு 15 நிமிடம் கழித்து நீர்மட்டம் எவ்வளவு, 30 நிமிடம் கழித்து எவ்வளவு?

ஒரு மாணவி எழுதிய விடை: 15 நிமிடத்தில் 8.9 சதமீற்றர், 30 நிமிடத்தில் 24.8 சதமீற்றர். இரண்டின் கீழும் இரட்டைக் கோடு.

அதாவது அடியில் ஓட்டையுள்ள தாங்கி, யாரும் தண்ணீர் விடாமலே, கால் மணித்தியாலத்தில் கிட்டத்தட்ட 16 சதமீற்றர் ஏறியிருக்கிறது. கவனக்குறைவு என்று சிவப்புப் பேனையால் சுழித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அந்தத் தாளில் கணக்குப் பிழை ஒன்றுகூட இல்லை, எழுதியவர் வகுப்பின் கெட்டிக்காரர்களில் ஒருவர், அதோடு அதே 24.8 வேறு சில தாள்களிலும் இருந்தது. பல பேரிடம் ஒரே பிழை ஒரே இலக்கத்தோடு வந்தால், பாடம் அமைந்திருக்கிற விதத்தைத்தான் பார்க்க வேண்டும். அதனால் மாணவியின் சம்மதத்தோடு, அவரை இனங்காட்டும் விவரங்களை விட்டுவிட்டு, நடந்ததை முழுதாக எழுதி வைக்கிறேன்.

விடைத்தாளில் இருந்தது

அடிப்படை, இத்தாலிய விஞ்ஞானி தொரிசெல்லி 1644இல் வெளியிட்ட விதி. துளையால் வெளியேறும் நீரின் கதி, நீர்மட்டத்திலிருந்து துளை வரைக்கும் தடையின்றி விழுந்த ஒரு பொருள் பெறும் கதிக்குச் சமன். ஆகவே அது உயரத்தின் வர்க்கமூலத்துக்கு விகிதசமம். தாங்கியின் குறுக்குவெட்டுப் பரப்பு துளையினுடையதைப் போல 2500 மடங்கு என்பதால் நீர்மட்டம் இறங்கும் வீதம் அந்தக் கதியின் 2500இல் ஒரு பங்கு. நீர்மட்டம் மாறும் வீதத்தை, மறைக்குறி போட்டு, உயரத்தின் வர்க்கமூலத்தோடு இணைக்கும் இந்தக் கூற்றுதான் இங்கே வகையீட்டுச் சமன்பாடு. இவ்வளவையும் மாணவி ஒரு படத்தோடு சரியாகவே எழுதியிருந்தார். பிறகு மாறிகளைப் பிரித்து, தொகையிட்டு, தொடக்க நிபந்தனையைப் போட்டு மாறிலியையும் கண்டிருந்தார். உயரத்தை மீற்றரில் உ என்றும் நேரத்தைச் செக்கனில் நே என்றும் எழுதினால் அவருக்கு வந்தது இது:

√உ = 1.095 − 0.000885 × நே

இதுவும் சரி. அடுத்த வரியில் இரு பக்கத்தையும் வர்க்கித்தார். 900 போட்டார், 0.089 வந்தது. 1800 போட்டார், 0.248 வந்தது. முடிந்தது கணக்கு.

வர்க்கிப்பதற்கு முந்திய வரியிலேயே 1800ஐப் போட்டிருந்தால் வலப்பக்கம் −0.498 என்று வந்திருக்கும், வர்க்கமூலம் எப்படி மறையாகும் என்று அந்த இடத்திலேயே பேனை நின்றிருக்கும். வர்க்கித்தவுடன் அந்த அடையாளம் அழிந்துபோனது. வலப்பக்கம் பூச்சியமாகும் நேரம் 1237 செக்கன், அதாவது 20 நிமிடம் 37 செக்கன். அதற்கு அப்பால் இந்தச் சூத்திரத்துக்கும் தாங்கிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

பேசிப் பார்த்தபோது

பிழை எங்கே என்று நான் கேட்கவில்லை. தாங்கியைப் பற்றி மட்டும் கேட்டேன்.

“30 நிமிசம் கழிச்சுப் போய் மூடியைத் திறந்து பார்த்தா உள்ள என்ன இருக்கும், பிள்ளை?”

“ஒண்டும் இராது சேர். தண்ணி முதலே முடிஞ்சிடும்.”

“அப்ப இந்த 24.8?”

கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். “சமன்பாடு அப்பிடித்தானே சேர் சொல்லுது.”

இந்த ஆய்வு முழுக்க அந்த ஒரு பதிலைச் சுற்றித்தான். தண்ணீர் முடிந்துவிடும் என்று அவருக்குத் தெரியும். தண்ணீர் ஏறும் என்று எழுதியதும் அவர்தான். இரண்டும் ஒன்றையொன்று சந்திக்கவே இல்லை, சந்திக்க வேண்டும் என்று அவரிடம் யாரும் இதுவரை கேட்டதும் இல்லை.

எப்படிப் படித்து வந்தார் என்று பார்த்தால் இது விளங்கும். பல்கலைக்கழகம் போவதற்கான உயர்தரப் பரீட்சையில் இணைந்த கணிதத்துக்கு இரண்டு வினாத்தாள், ஒவ்வொன்றும் 3 மணித்தியாலம், பகுதி ‘அ’ இல் 10 கேள்வி, பகுதி ‘ஆ’ இல் ஏழில் ஐந்து. பின்னேரம் ரியூட்டரி, சனி ஞாயிறு பேப்பர் கிளாஸ், வருடக்கணக்காகப் பழைய வினாத்தாள்கள். கேள்வியைக் கண்டதும் எந்த வகை என்று பிடித்து, கை நிற்காமல் எழுதுகிற பிள்ளைதான் அங்கே கரை சேரும். அந்தப் பயிற்சியை நான் குறைசொல்ல மாட்டேன், இந்தப் பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுவந்தது அதுதான். ஆனால் இங்கே வந்த பிறகும் பாடம் அதே தடத்தில்தான் போகிறது. ஒரு கிழமை மாறிகளைப் பிரித்தல், அடுத்த கிழமை தொகையீட்டுக் காரணி, பிறகு பேர்னூலி, பிறகு மாறிலிக் குணகங்களோடு இரண்டாம் வரிசை, பிறகு லப்பிளாஸ் உருமாற்றம். பயிற்சித் தாளின் தலைப்பே எந்த முறை என்று சொல்லிவிடும். கிடைத்த தீர்வு எதுவரைக்கும் செல்லுபடியாகும் என்று ஒரு கேள்வியும் கேட்பதில்லை. ஆங்கில மொழிமூலம்தான் காரணம் என்று சிலர் சொல்வார்கள். இந்த நிகழ்வில் அது பொருந்தாது, கேள்வியின் ஒவ்வொரு சொல்லும் அவருக்கு விளங்கியிருந்தது.

சமன்பாடு உண்மையில் என்ன சொன்னது

“சரி, நீர் எழுதின விடையைத் திரும்பச் சமன்பாட்டிலயே போட்டுப் பாரும்” என்றேன். அவர் உயரத்தை வகையிட்டார். 1237 செக்கனுக்குப் பிறகு உயரம் கூடுவதால் அதன் பெறுதி, அதாவது மாறும் வீதம், நேர். சமன்பாட்டின் வலப்பக்கமோ மறைக்குறி போட்ட ஒரு வர்க்கமூலம், அது ஒருநாளும் நேராக முடியாது. இடப்பக்கம் நேர், வலப்பக்கம் மறை. ஆக, அவர் எழுதிய சார்பு 1237 செக்கனுக்குப் பிறகு அந்தச் சமன்பாட்டின் தீர்வே கிடையாது.

இதைக் கண்டதும் அவர் முகம் மாறியதைப் பார்க்க வேண்டும். தண்ணீரையும் சமன்பாட்டையும் எதிரெதிரே வைத்து, பரீட்சைத் தாளில் சமன்பாட்டின் பக்கம் நிற்பதுதான் சரி என்று அவர் நம்பியிருந்தார். பார்த்தால் சமன்பாடும் தண்ணீரின் பக்கம்தான் நின்றிருக்கிறது. 24.8ஐக் கொண்டுவந்தது இடையில் போட்ட ஒரு வர்க்கம்.

“அப்ப அதுக்குப் பிறகு தீர்வு என்ன சேர்?” என்று அவரே கேட்டார். மாறிகளைப் பிரிக்கும்போது இரு பக்கத்தையும் √உ ஆல் வகுத்த வரியைக் காட்டினேன். உ பூச்சியமாக இருந்தால் அப்படி வகுக்க முடியாது. அந்த வரியில் ஒரு தீர்வு சத்தமில்லாமல் கைவிடப்பட்டிருக்கிறது: எப்போதும் உ = 0. வெறும் தாங்கி வெறுமையாகவே இருக்கும் என்கிற தீர்வு. முழு விடை, 1237 செக்கன் வரைக்கும் பரவளைவு, அதற்குப் பிறகு பூச்சியம். இரண்டும் சேருமிடத்தில் உயரமும் பூச்சியம், பெறுதியும் பூச்சியம் என்பதால் முறிவே இல்லாமல் ஒட்டிக்கொள்கின்றன.

அதே குழுவில் இன்னொரு மாணவன் கையால் தீர்க்காமல், நேரத்தைச் சிறு படிகளாக வெட்டி ஒவ்வொரு படியிலும் மாற்றத்தைக் கூட்டிக்கொண்டு போகிற ஒயிலர் முறையைப் பைதனில் எழுதி 10 செக்கன் படியாக ஓடவிட்டிருந்தான். 20 நிமிடத்தை ஒட்டிய இடத்தில் உயரம் கொஞ்சம் மறையாகி, அடுத்த படியில் வர்க்கமூலம் எடுக்க முடியாமல் நிரல் பிழைச் செய்தியோடு நின்றுவிட்டது. நிரலில்தான் ஏதோ பிழை என்று நினைத்து, 15 நிமிடத்து விடையை மட்டும் எழுதி, மற்றதை வெறுமையாக விட்டிருந்தான். புள்ளி குறைந்தது அவனுக்கு. ஆனால் தாங்கி வெறுமையாகும் நேரத்தைக் கிட்டத்தட்டச் சரியாகச் சொன்னது அந்தப் பிழைச் செய்தி ஒன்றுதான். கணினி ஏன் நின்றது என்று அன்றைக்குக் குழுவாக இருந்து பேசினோம். அந்த அரை மணித்தியாலத்தில் நடந்த படிப்பு பல விரிவுரைகளுக்குச் சமன் என்பேன்.

தேற்றம் வேறு பக்கத்தில் இருந்தது

இந்த மாணவர்கள் எல்லோரும் பிக்கார்ட்டின் இருப்பு, ஒருமைத் தேற்றத்தை இன்னொரு பாட அலகில் படித்தவர்கள். ஒரு தொடக்க நிலைக்குத் தீர்வு உண்டு, அது ஒன்றே ஒன்றுதான் என்று எப்போது உறுதியாகச் சொல்லலாம் என்பதைத் தரும் தேற்றம் அது. நிறுவலைப் பார்க்காமல் எழுதுவார்கள். அதற்கு வேண்டிய லிப்சிற்ஸ் நிபந்தனை, அதாவது சார்பு எவ்வளவு செங்குத்தாக மாறலாம் என்பதற்கு ஒரு வரம்பு, என்றால் என்ன என்று கேட்டால் வரைவிலக்கணம் சொற்பிசகாமல் வரும். ஆனால் √உ என்ற சார்பின் பெறுதி உ பூச்சியத்தை நெருங்கும்போது எல்லையில்லாமல் பெருகுகிறது, ஆகவே அந்த நிபந்தனை அங்கே உடைகிறது, ஆகவே வெறும் தாங்கி என்ற நிலையில் ஒருமைக்கு உத்தரவாதம் இல்லை என்று இந்தக் கேள்வியோடு பொருத்திப் பார்த்தவர் எவரும் இல்லை.

ஒருமை இல்லை என்பதன் கருத்து இங்கே மிகவும் தெளிவு. வெறும் தாங்கி ஒன்றைக் காட்டி, இது எப்போது வெறுமையானது என்று கேட்டால் சொல்ல முடியாது. காலையில் முடிந்திருக்கலாம், நேற்று முடிந்திருக்கலாம், தண்ணீரே விடாமலும் இருந்திருக்கலாம். கடந்த காலத்துக்கு எண்ணற்ற தீர்வுகள், எல்லாம் இப்போது பூச்சியத்தில் வந்து சேர்ந்திருக்கின்றன. எதிர்காலத்துக்கோ ஒரே தீர்வுதான். மாணவி இதைத் தானே நிறுவிக் காட்டினார், நிறுவல் இரண்டு வரி: இரண்டு தீர்வுகள் இருப்பதாக எடுத்து, அவற்றின் வித்தியாசத்தை வர்க்கித்து வகையிட்டால் பெறுதி ஒருபோதும் நேராகாது, ஏனென்றால் எதன் உயரம் கூடவோ அது வேகமாக இறங்கும். தொடக்கத்தில் வித்தியாசம் பூச்சியம் என்றால் பிறகும் பூச்சியம்தான். அழகான நிறுவல். இதை எழுதிய அன்று அவர் சொன்னது, “இந்தத் தேற்றத்தை நான் புள்ளிக்காகத்தான் சேர் பாடமாக்கினனான்.”

போத்தலும் மூடியும்

அப்புறம் செய்து பார்ப்போம் என்று முடிவானது. தாங்கியில் ஓட்டை போட ஒருவரும் விடமாட்டார்கள். பக்கம் நேராக உள்ள ஒரு பிளாஸ்ரிக் போத்தலை எடுத்து, சூடாக்கிய ஆணியால் அடிப்பக்கத்தில் துளை போட்டு, உள்விளிம்பைச் சீராக்கி, வெளியே அடிமட்டத் துண்டு ஒன்றை ஒட்டி, கிணற்றடியில் வைத்துத் தொலைபேசியில் வீடியோ எடுத்தார்கள். முதல் ஓட்டத்தில் தண்ணீர் கொஞ்சம் வந்துவிட்டு நின்றுவிட்டது, போத்தல் மூடியைக் கழற்றவில்லை. உள்ளே காற்றுப் போகாவிட்டால் மேலே அமுக்கம் குறைந்து தண்ணீர் பிடித்து வைக்கப்படும். நீர்ப்பரப்பிலும் துளையிலும் ஒரே வளிமண்டல அமுக்கம் என்று விடைத்தாளின் முதல் வரியில் எல்லோரும் எழுதுகிற எடுகோள் அதுதான். அதன் அருத்தம் அந்த மூடியால்தான் பலருக்குப் பிடிபட்டது.

மூடியைக் கழற்றியபின் எடுத்த அளவீடுகளில், உயரத்தின் வர்க்கமூலத்தை நேரத்துக்கு எதிரே வரைந்தார்கள். நேர்கோடு. வகையீட்டுச் சமன்பாடு ஒன்று சொன்னபடி புள்ளிகள் ஒரு கோட்டில் வந்து உட்காருவதை முதல்முறை பார்க்கிற பிள்ளைகளுக்கு அது சின்ன விடயம் இல்லை. ஆனால் படித்திறன் கோட்பாடு சொன்னதன் ஏறத்தாழ 0.6 பங்குதான். காரணம், கூர்விளிம்புத் துளையால் வெளியேறும் தாரை துளையைத் தாண்டியதும் ஒடுங்குகிறது. துளையின் முழுப் பரப்பாலும் நீர் போவதில்லை, நீரியலில் இதற்குப் பயன்படுத்தும் குணகம் 0.6இலிருந்து 0.62 வரை. கடைசிப் பகுதியில் கோடு வளைந்தது, தாரை அறுந்து துளித்துளியாக விழுந்தது, கொஞ்சத் தண்ணீர் மேற்பரப்பு இழுவிசையால் உள்ளேயே நின்றுவிட்டது. தொரிசெல்லியின் விதி அந்த இடத்தில் பொருந்தாது.

இப்போது அந்த 0.62ஐத் தாங்கிக் கேள்வியில் போட்டுப் பாருங்கள். வெறுமையாகும் நேரம் 20 நிமிடத்திலிருந்து ஏறத்தாழ 33 நிமிடத்துக்குப் போகிறது. ஆக 30 நிமிடத்தில் மூடியைத் திறந்து பார்த்தால் 24.8 சதமீற்றரும் இராது, “ஒண்டும் இராது” என்பதும் சரிவராது, ஒரு சதமீற்றரை ஒட்டித் தண்ணீர் இருக்கும். இதைக் கணித்துக் கொண்டுவந்ததும் அதே மாணவிதான். யாரும் கேட்காமல்.

கிணறு

என்னைப் பொறுத்தவரை இந்த நிகழ்வின் உண்மையான பலன் இதற்குப் பிறகுதான் வந்தது. மாணவியின் வீட்டார் யாழ் குடாநாட்டு வலிகாமத்தில் வெங்காயத் தோட்டம் செய்கிறவர்கள். குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. மாரி மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி நிற்கிற தண்ணீர்தான் தோட்டத்துக்கும் குடிப்பதற்கும். காலையில் மோட்டர் போட்டு இறைத்தால் கிணறு தாழும், விட்டால் ஊறும். “அது எப்பிடி ஊறுது எண்டு எழுதலாமோ சேர்?” என்று கேட்டார்.

எழுதினார். ஓய்வு மட்டத்துக்கும் இப்போதைய மட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு வேகமாக ஊறும் என்று எடுத்தார். முதலாம் வரிசை, ஏகபரிமாணம், தீர்வு அடுக்குக்குறிச் சார்பு, நியூற்றனின் குளிரல் விதியின் அதே அச்சு. முடிச்சுப் போட்ட கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி அளந்தார்கள். வித்தியாசத்தின் மடக்கையை நேரத்துக்கு எதிரே வரைந்தபோது முதற் பகுதி நல்ல நேர்கோடு, பிறகு ஒரு பக்கம் சாய்ந்தது. பக்கத்துத் தோட்டத்து மோட்டர் தொடங்கிய நேரம் அது. அறிக்கையில் அவர் எழுதிய வரி: “ஓய்வு மட்டத்தை மாறிலியாக எடுத்தது இந்த நேரத்துக்குப் பின் பொருந்தாது.” முதல் விடைத்தாளில் இல்லாமற்போன வரி இந்த மாதிரியானதுதான். தீர்வு எதுவரை என்று, கேட்பார் இல்லாமலே எழுதியிருக்கிறார்.

தாங்கி ஒரு குறித்த நேரத்தில் முற்றாக முடிந்துவிடுகிறது, கிணறோ தன் ஓய்வு மட்டத்தைச் சூத்திரப்படி ஒருநாளும் முழுதாக எட்டுவதில்லை, நெருங்கிக்கொண்டே இருக்கிறது. ஏன் இந்த வித்தியாசம் என்று குழுவில் நல்ல வாக்குவாதம் நடந்தது. விடை தொகையீட்டில் இருக்கிறது. 1/√உ ஐப் பூச்சியம் வரைக்கும் தொகையிட்டால் முடிவுள்ள எண் வரும், 1/உ ஐத் தொகையிட்டால் முடிவிலிக்குப் போகும். முதலாம் வருடத்தில் “முறையில் தொகையீடு” (improper integral) என்று படித்து மறந்த அத்தியாயம், தண்ணீர் எப்போது முடியும் என்ற கேள்விக்கு விடையாக வந்து நின்றது.

இப்போதைய நிலை

இறுதிப் பரீட்சை வழமையான அமைப்பில்தான் வந்தது, அதில் அவர் எடுத்த புள்ளி இந்த மாற்றத்தைக் காட்டாது. குழுவில் எல்லோரும் மாறிவிட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. போத்தல் வேலையில் முன்னுக்கு நின்ற ஒரு பிள்ளை அடுத்த பயிற்சியிலேயே, சனத்தொகை மறையாகிற விடை ஒன்றை எழுதிக் கீழே கோடு போட்டிருந்தது. பழக்கம் ஒரு மாதத்தில் போகாது. அதனால் பயிற்சித் தாளில் முறையின் பெயரைத் தலைப்பாகப் போடுவதை நிறுத்தியிருக்கிறேன். ஒவ்வொரு கேள்விக்கும் 20 புள்ளியில் 5, தீர்வைச் சமன்பாட்டில் திரும்பப் பிரதியிட்டதற்கும் அது செல்லும் நேர ஆயிடையை எழுதியதற்கும். இதைக் கண்டதும் பிள்ளைகள் முதலில் முணுமுணுத்தார்கள், சரி, அது எதிர்பார்த்ததுதான்.

கிணற்று வேலை நிற்கவில்லை. பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றையும் சேர்த்து, இரண்டு மட்டங்களுக்கும் இரண்டு சமன்பாடு எழுதி, தாய அணி (matrix) ஒன்றாக்கி, மட்டங்கள் எவ்வளவு வேகமாக ஓய்வை நெருங்கும் என்று காட்டும் ஐகன் பெறுமானம் கண்டிருக்கிறார்கள். இரண்டு கிணற்றுக்கும் இடையில் கல்லுக்குள்ளால் தண்ணீர் போகும் வீதத்தை எப்படி அளப்பது என்பதில் வேலை இப்போது நிற்கிறது. ஒரு கிணற்றை மட்டும் இறைத்து மற்றதன் மட்டத்தைப் பார்க்கலாம் என்பது மாணவியின் யோசனை. அதற்குப் பக்கத்துத் தோட்டக்கார ஐயா ஒரு காலை முழுக்கத் தன் மோட்டரை நிறுத்தி வைக்கச் சம்மதிக்க வேண்டும். கேட்டிருக்கிறார்கள். ஒக்டோபர் மழை தொடங்கினால் மட்டங்கள் ஏறிவிடும், அதற்கு முன் அளந்து முடிக்க வேண்டும்.